‘முட்சாட்சா’ வெறும் உதவியாளர் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழில் பிலிப்பீன்ஸ் பணிப்பெண்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதில் ‘முட்சாட்சா’ என்ற சொல்லுக்கு ‘உதவியாளர்’ என்று பொருள் போட்டிருந்தீர்கள். வேலையைப் பார்த்தால் சரி. ஆனால் அந்தச் சொல்லில் இருக்கும் வலி ‘உதவியாளர்’ என்பதில் இல்லை.

ஸ்பானிய மொழியில் ‘முச்சாச்சா’ என்றால் சிறுமி, இளம்பெண். ‘முச்சாச்சோ’ என்றால் பையன். நாம் ‘கடைப் பையன்’ என்று சொல்வதுபோல, வீட்டில் வேலைக்கு இருப்பவர்களையும் ஸ்பானியர்கள் அப்படியே கூப்பிட்டார்கள். 1565 முதல் 1898 வரை அவர்கள் ஆண்ட பிலிப்பீன்ஸில் அந்தச் சொல் ‘முட்சாட்சா’ என்று தங்கிவிட்டது, ஆனால் ‘சிறுமி’ என்ற பொருள் கழன்றுபோய் வீட்டு வேலை மட்டும் ஒட்டிக்கொண்டது.

பிலிப்பீன்ஸில் பேசும் தகலாக் மொழியில் அவன், அவள் என்ற பிரிவே கிடையாது, எல்லோருக்கும் ‘சியா’தான். ஆண்பால் பெண்பால் விகுதி ஸ்பானியச் சொற்களோடு வந்தது. கடையில் விற்பவர் ஆணென்றால் ‘திண்டேரோ’, பெண்ணென்றால் ‘திண்டேரா’. அதே கணக்கில் ‘முட்சாட்சோ’வும் உண்டு. ஆனால் காதில் விழுவதெல்லாம் முட்சாட்சாதான்.

என் மாமியாரை நான்கு வருடம் பார்த்துக்கொண்ட பணிப்பெண் பிலிப்பீன்ஸில் உள்ள பத்தாங்காஸைச் சேர்ந்தவர். ஒருநாள் ஊரிலிருக்கும் மகளைப் போனில் திட்டிக்கொண்டிருந்தார். சாப்பிட்ட தட்டைப் பாட்டி கழுவட்டும் என்று அந்தப் பெண் போட்டுவிட்டுப் போனாளாம். “ஆனோ சியா, முட்சாட்சா மோ?” என்றார். ‘அவர் என்ன, உனக்கு வேலைக்காரியா?’ என்று அர்த்தம். சொன்ன பிறகுதான் நான் நிற்பதைக் கவனித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மாமியாரின் கஞ்சியை ஆற்றத் தொடங்கினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

2013ஆம் ஆண்டு பிலிப்பீன்ஸ் அரசு வீட்டுப் பணியாளர்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. எழுத்துபூர்வ ஒப்பந்தம், ஓய்வுநாள், சமூகப் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. சமையல்காரர், தோட்டக்காரர், துணி துவைப்பவர், குழந்தை பார்ப்பவர் எல்லோரையும் அது ஒரே பெயரில் ‘கசம்பஹாய்’ என்கிறது. ‘கசாமா’ என்றால் கூட இருப்பவர், ‘பஹாய்’ என்றால் வீடு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சொல்தான்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் இந்தச் சொல்லையே போடுங்கள். பொருள் வேண்டுமென்றால் ‘வீட்டுத் துணை’ என்று எழுதலாம். முட்சாட்சா வரும் இடத்தில் அதை ‘வேலைக்காரி’ என்றே மொழிபெயர்த்துவிடுங்கள். அது சுடும் சொல் என்பது வாசகர்களுக்குத் தெரியட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்