நூலகச் சாவியை நாங்கள் ஏன் வாங்கிக்கொள்ளவில்லை

சென்னை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் கோயில் வரை நடந்து வருகிறாய் என்று படித்தபோது மனம் நிம்மதியடைந்தது. எங்கள் கிளை நூலகத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, "ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு நீங்களே நடத்திக்கொள்ளலாமே, மனுவும் கூட்டமும் எதற்கு?" என்று எழுதியிருந்தாய். இங்கேயும் நல்லவர்கள் பலர் அதையே சொல்கிறார்கள் என்பதால், பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நூலகத்தை மூடச் சொல்லி யாரும் ஆணையிடவில்லை. நூலகர் ஓய்வு பெற்றார். அந்தப் பணியிடம் நிரப்பப்படவில்லை. பக்கத்துப் பகுதி நூலகரிடம் கூடுதல் பொறுப்பாக ஒப்படைத்தார்கள். அவர் காலையில் இங்கே இருந்துவிட்டு மதியம் அங்கே போய்விடுவதால், பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நேரத்தில் கதவில் பூட்டுத் தொங்குகிறது. ஆறு நாளிதழ்கள் மூன்றாயின. கேட்டால் நிதி இல்லை என்ற ஒரே பதில்தான். 2011 நவம்பரில், திறந்து ஓராண்டே ஆகியிருந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தபோது எவ்வளவு எதிர்ப்புக் கிளம்பியது, உயர் நீதிமன்றம் எவ்வளவு விரைவாகத் தடை விதித்தது என்பதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். அங்கே எதிர்ப்பதற்கு ஓர் அறிவிப்பு இருந்தது. எங்கள் இரண்டு அறை நூலகத்துக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. நிரப்பப்படாத ஒரு நாற்காலியை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

என் சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. நாம் செலுத்தும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்த 1948ஆம் ஆண்டில் இங்கே இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் யாருடைய தயவுக்கும் காத்திராமல் நூலகத்துக்கென்று தனி வருவாய் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வரியின் நோக்கம். உள்ளாட்சி அமைப்பு வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டிய அந்தப் பணம் நிலுவையாகத் தேங்குவதைப் பற்றி நாளிதழ்களிலேயே பலமுறை செய்தி வந்திருக்கிறது. ஆகவே, நிதி இல்லை என்று சொல்பவரிடம், செலுத்திய நிதி எங்கே நிற்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதன் பிறகு வாசகர் வட்டத்தைத் தூசு தட்டி எழுப்பினோம். கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடு. நூலகத்தை மிக அதிகமாகப் பயன்படுத்துபவர்கள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். அவர்களோ கையெழுத்திட்டால் நாளை காவல்துறைச் சரிபார்ப்பில் ஏதும் சிக்கல் வருமோ என்று பயந்து பேனாவைத் திருப்பித் தந்தார்கள். ஒரு மனுவில் கையெழுத்திடக் கூடவா பயம் என்று முதலில் எனக்குக் கோபம். வேலையை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளையிடம் ஓய்வூதியக்காரன் வீரம் பேசக் கூடாது என்று பிறகு புரிந்தது. அவர்களுடைய அம்மாக்கள் கையெழுத்திட்டார்கள்; மாலையில் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள் என்று அவர்கள் கேட்டது எங்கள் மனுவை விட வலுவாக இருந்தது.

இனி உன் யோசனைக்கு வருகிறேன். சென்ற மாதம் எங்களிடமே அந்தப் பேச்சு வந்தது: சாவியைத் தருகிறோம், மாலையில் நீங்களே திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள் அதிகாரிகள். வாய்மொழியாகத்தான், காகிதத்தில் ஒரு வரியும் இல்லை. எங்களில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளத் தயாரானார்கள், நானும் ஒரு நாள் முழுக்க ஊசலாடினேன். நாங்கள் ஐந்தாறு கிழவர்கள் முறை வைத்துத் திறந்தால் நூலகம் நடப்பதாகவே கணக்கில் ஏறும், காலியிடத்தை நிரப்பும் தேவையும் அதோடு போய்விடும். எங்களில் இரண்டு பேர் படுத்துக்கொண்டால் அன்றே மீண்டும் பூட்டு. மேலும் இங்கே நூறு ரூபாய் போட ஆள் உண்டு, கால்வாய்க்கரைக் குடியிருப்பில் உள்ள நூலகத்துக்கு யார் போடுவார்கள்? ஆகவே சாவியை வாங்கவில்லை. நாளிதழ்களுக்கு மட்டும் நாங்கள் சந்தா கட்டுகிறோம். அதுவும் சரியா என்று எனக்கு இன்னும் ஐயம்தான்.

2022ஆம் ஆண்டு விதிகளின்படி வார்டுதோறும், மக்கள் தங்கள் பகுதிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபை கூட்ட வேண்டும் அல்லவா? அடுத்த கூட்டத்தில் இதை வைக்கப்போகிறோம். அங்கே தரவிருக்கும் மனுவின் வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். உள்ளாட்சித் தணிக்கையில் முப்பது ஆண்டு உட்கார்ந்தவன் நீ. நூலக வரி நிலுவையைப் பற்றிய மூன்றாம் பத்தியை உன் சிவப்பு மையால் திருத்தி, வியாழனுக்குள் அனுப்பிவை. வரைவில் கோபம் கூடுதலாக இருந்தால் அதையும் அடித்துவிடு.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்