செவ்வாய், வியாழன், சனி

இறந்துபோன எங்கள் அம்மாவின் அடியந்திரம், அதாவது கருமாதிச் சடங்கு, போன ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தது. பந்தி, கைகழுவத் தண்ணீர் என்று ஓடியதில் வந்தவர்களில் பாதிப் பேர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

2016 முதல் எட்டு வருஷமாக அம்மாவுக்கு வாரம் என்றால் செவ்வாய், வியாழன், சனிதான். மூன்று நாளும் டயாலிசிஸ், தடவைக்கு நாலு மணி நேரம். ஒரு பக்கம் சர்க்கரை. மறுபக்கம் மூட்டுவலிக்கென்று டாக்டர் சீட்டில்லாமல் வருஷக்கணக்கில் விழுங்கிய மாத்திரை. ரெண்டும் சேர்ந்து சிறுநீரகத்தை முடித்துவிட்டன. அந்த மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுத்தது நான்தான். அதை எழுதாமல் நன்றியை மட்டும் எழுத மனசு வரவில்லை.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுச் சிஸ்டர்களுக்கும் டெக்னீசியன் தம்பிகளுக்கும் முதல் நன்றி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்காக ஒரு நாளும் நாங்கள் திரும்பி வந்ததில்லை. ஒரு தடவை ரத்தத்தைச் சுத்தப்படுத்த மெஷினுக்கு 120 லிட்டர் தண்ணீர் வேணும் என்று ஒரு தம்பி சொன்னதும், தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டியிருந்த அம்மா கேட்டாள்: "குடிக்க ஒரு லிட்டர் தர மாட்டிய, கழுவ மட்டும் நூத்திருபதா மக்கா?" அந்த வார்டே சிரித்தது.

ஆட்டோ அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை, ஒக்கிப் புயல் அடித்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, தக்கலையிலிருந்து போகும் வழியெல்லாம் மரம். கடலுக்குப் போனவர்களைக் காணாமல் கடற்கரை ஊர்கள் கதறிக்கொண்டிருந்தபோது எங்கள் கஷ்டம் சின்னதுதான். ஆனால் செவ்வாய்க்குப் பிறகு மெஷினில் ஏறாத உடம்பு. வெள்ளி காலையில் நீர் கோத்து மூச்சு முட்ட, படுக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தாள். அண்ணன் ஸ்டாண்டுப் பையன்கள் நாலு பேரோடு வெட்டுக்கத்தியும் கோடாலியுமாக வந்தார். வழியில் விழுந்து கிடந்த ஒரு அயனி மரத்தை முழுசாக அறுக்க நேரமில்லாமல், ஆட்டோ நுழையும் அளவுக்குக் கொப்புகளை மட்டும் கழித்தார்கள். முக்கால் மணி நேர வழிக்கு அன்று மூன்றரை மணி நேரம் பிடித்தது. அடுத்த வாரம் அம்மா அவர் சட்டைப் பையில் திணித்த ஐந்நூறு ரூபாய் அன்று சாயங்காலமே எங்கள் திண்ணையில் கிடந்தது.

அக்கம்பக்கத்து மாமிகளுக்கும் மைனிகளுக்கும் ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் கொண்டுவந்த இளநீரையும் மட்டிப்பழத்தையும் அம்மா தொட்டதே இல்லை, ரத்தத்தில் பொட்டாசியம் கூடிவிடும். உங்கள் முன்னால் சிரித்துக்கொண்டே வாங்கி, நீங்கள் படி இறங்கியதும் பேத்தியைக் கூப்பிடுவாள். வேண்டாம் என்று சொன்னால் உங்களுக்கு வருத்தமாகும் என்பது அவள் கணக்கு. தனக்கு மரச்சீனிக் கிழங்கை, அந்தப் பொட்டாசியம் குறைய, துண்டுதுண்டாக்கி ரெண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரை வடித்துத் தின்பாள். பிள்ளைகளுக்கு மட்டும் சாளை மீன் குழம்போடு ருசியாக.

நான் வேலைக்குப் போக, என் மகளை வளர்த்தது அம்மாதான். டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை ஒன்றோடொன்று இணைத்திருந்த இடது கையில் கனம் தூக்கக் கூடாது. குழந்தை எப்போதும் வலது இடுப்பில். அந்த இடது கையில் காதை வைத்தால் உஸ் உஸ் என்று இரையும். "பாட்டிக்க கையில வண்டு இருக்கு" என்று அதைக் கேட்டுக்கொண்டேதான் என் மகள் தூங்குவாள். இப்போது தூக்கம் பிடிக்காமல் தன் கையிலேயே காதை வைத்துப் பார்க்கிறாள்.

ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், ஊரடங்கு நேரத்தில் பாஸ் வாங்கித் தந்த அண்ணாச்சிக்கும், கடைசி ராத்திரி கூட இருந்த சித்திக்கும் நன்றி.

சக்கர நாற்காலியும் எடை பார்க்கும் மெஷினும் வீட்டில் சும்மா இருக்கின்றன. தேவைப்படுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். மெஷின் அரைக் கிலோ கூட்டிக் காட்டும். அம்மா அதைக் கழித்துத்தான் நோட்டில் எழுதுவாள்.