பியேரோ எடுக்காத தொலைபேசிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மைக்கேலாஞ்சலோ அந்தோனியோனியின் ‘லெக்லிஸ்ஸே’ (1962) திரைப்படம் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய இத்தாலியப் படமொன்றுக்கு ஒரு தமிழ் நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியது மனத்துக்கு நிறைவாக இருந்தது. ஆனால் நாயகனான பங்குத் தரகன் பியேரோ பணத்தாசை பிடித்தவன், நாயகி விட்டோரியா எதிலும் ஒட்டாதவள், இருவருக்கும் காதலிக்கத் தெரியவில்லை, ஆகவே பிரிந்தார்கள் என்று கட்டுரையாளர் வழங்கியிருக்கும் தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை. திரையில் கண்ணெதிரே நடப்பது அந்தத் தீர்ப்புக்கு இடம் தரவில்லை.

பியேரோவாக வரும் ஆலன் டெலோனும் விட்டோரியாவாக வரும் மோனிகா விட்டியும் கடைசியாகச் சேர்ந்து தோன்றும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். ஆளில்லாத தரகு அலுவலகத்தின் சோபாவில் இருவரும் சிறுபிள்ளைகளைப் போல விளையாடிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடிக்கிறது. நாளைக்கும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் சந்திப்போம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இன்றிரவே எட்டு மணிக்கு வழக்கமான இடத்தில் என்று முடிவாகிறது. அவள் போன பிறகு பியேரோ செய்வதைக் கட்டுரையாளர் குறிப்பிடவே இல்லை. அவளோடு இருந்த நேரம் முழுவதும் அவன் எல்லாத் தொலைபேசிகளின் ரிசீவர்களையும் எடுத்துக் கீழே வைத்திருந்திருக்கிறான். இப்போது ஒவ்வொன்றாக அவற்றை இருந்த இடத்தில் வைக்கிறான். அவை அலறத் தொடங்குகின்றன. படம் நெடுகிலும் தொலைபேசியும் கையுமாக ஓடித் திரிந்தவன், இப்போது ஒன்றையும் எடுக்காமல் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறான். படியிறங்கும் வழியில் விட்டோரியாவும் தயங்கி நிற்கிறாள். இவர்களையா காதலிக்கத் தெரியாதவர்கள் என்பது?

இவர்களிடம் குறை இல்லையென்று நான் சொல்லவில்லை. குடிகாரன் ஒருவன் பியேரோவின் காரைத் திருடிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்து இறக்கிறான்; பிணத்தோடு மேலே தூக்கப்படும் காரைப் பார்த்து, அதில் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதைப் பற்றியே பியேரோ பேசுகிறான். அந்த இடத்தில் கட்டுரையாளரின் பக்கமே நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்மனம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் அந்தோனியோனி மறைக்காமல் காட்டுகிறார். ரோம் நகரின் பங்குச் சந்தைக் கட்டடத்தினுள்ளேயே எடுக்கப்பட்ட காட்சியில், இறந்துபோன சக ஊழியர் ஒருவருக்காக எல்லாரும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கிறார்கள். தொலைபேசிகள் மட்டும் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. பருத்த தூண் ஒன்றின் இருபுறமும் பியேரோவும் விட்டோரியாவும் நிற்க, இங்கே ஒரு நிமிடத்தின் விலை கோடிகள் என்று அவன் அவளிடம் கிசுகிசுக்கிறான். துக்கத்துக்கு ஒரு நிமிடம்தான் என்று அளந்து கொடுக்கும் இடத்தில் பிழைப்பு நடத்தும் இளைஞன், அன்புக்கு மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்க எப்படிக் கற்றுக்கொள்வான்? அவன் ரிசீவர்களைக் கீழே எடுத்து வைத்த அந்தச் சிறிய செயலின் பெருமை எனக்கு இங்கிருந்துதான் விளங்குகிறது.

விட்டோரியாவை உணர்ச்சியற்றவள் என்பதும் சரியன்று. சந்தை சரிந்த நாளில் பெருந்தொகையை இழந்த ஒரு மனிதரை அவள் தெருவில் பின்தொடர்ந்து செல்கிறாள். காபிக் கடையில் அமர்ந்து அவர் ஒரு தாளில் கிறுக்கிவிட்டுப் போனதை எடுத்துப் பார்த்தால், அதில் இருப்பவை பூக்கள். அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது என்று பிறகு பியேரோவிடம் கேட்பவளும் அவள்தான். அங்கே அந்தக் கேள்வியைக் கேட்க வேறு யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். கென்யாவில் பிறந்து வளர்ந்த அண்டைவீட்டுப் பெண்ணின் குடியிருப்பில், விட்டோரியா உடலெங்கும் கருப்பு பூசிக்கொண்டு ஆடும் காட்சி இன்று பார்க்கக் கூசுகிறது. கட்டுரையாளர் அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

படத்தின் இறுதி ஏழு நிமிடங்களில் காதலர் இருவருமே திரையில் இல்லை. அவர்கள் வழக்கமாகச் சந்திக்கும் தெருமுனையும், ஒழுகும் தண்ணீர்ப் பீப்பாயும், முசோலினி காலத்தில் 1942 உலகக் கண்காட்சிக்காகத் திட்டமிடப்பட்டுப் போரினால் அந்தக் கண்காட்சியே நடக்காமற்போன, ரோம் நகரின் இ.யு.ஆர். பகுதியின் அகன்ற சாலைகளும்தாம் இருக்கின்றன. பேருந்திலிருந்து இறங்கும் ஒருவரின் கையிலுள்ள பத்திரிகை அணு ஆயுதப் போட்டியைத் தலைப்பாகத் தாங்கியிருக்கிறது. படம் இத்தாலியில் வெளியான அதே ஆண்டு அக்டோபரில்தான் கியூபா ஏவுகணை நெருக்கடி மூண்டது. அந்த இரவில் யார் வந்தார், யார் வரவில்லை என்று படம் சொல்லவே இல்லை. அப்படியிருக்க, இருவரும் ஒருவரையொருவர் கைவிட்டார்கள் என்று உறுதியாக எழுதுவது, இயக்குநர் வேண்டுமென்றே திறந்து வைத்த கதவை நாமாகப் பூட்டுவதாகும்.

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இந்தப் படத்தைத் திரையிட முன்வரும் திரைப்படச் சங்கத்தாருக்குத் தங்கள் வாயிலாக ஒரு வேண்டுகோள். நடிகர்களைக் காணோம் என்றதும் கதை முடிந்துவிட்டதாக எண்ணி அரங்கில் பலர் எழுந்து போவதைக் கண்டிருக்கிறேன். இறுதி எழுத்துகள் திரையில் வரும்வரை விளக்கைப் போட வேண்டாம் என்றும், அந்த ஏழு நிமிடங்களும் படத்தின் பகுதியே என்பதைத் தொடக்கத்திலேயே பார்வையாளர்களுக்கு அறிவித்துவிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.