முழங்கால் மாற்ற எவ்வளவு ஆகும்? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையினருக்கும், வடமாகாண சுகாதாரத் திணைக்களத்தினருக்கும்,

வணக்கம்.

மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் போகும் ஒருவர், தான் மொத்தமாக எவ்வளவு கட்டவேண்டி வரும் என்பதை சத்திரசிகிச்சைக்கு முன்பே எழுத்தில் அறிந்திருக்க வேண்டும். இதை வைத்தியசாலைகளின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் விதியாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் ஊர் முதியோர் சங்கத்தில் விண்ணப்பப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. முதியோர் கொடுப்பனவு, மூக்குக்கண்ணாடி உதவி, அடையாள அட்டைத் திருத்தம் என்று பலதும் வரும். ஆனால் சில வருடங்களாக முழங்கால்தான் அதிகம் வருகிறது. எக்ஸ்ரேயைப் பையில் வைத்துக்கொண்டு, “பிள்ளை, இதுக்கு எங்கை காசு எடுக்கலாம்?” என்று கேட்கிறார்கள். எவ்வளவு காசு வேண்டும் என்று திருப்பிக் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் மண்ணில் மூட்டுத் தேய எத்தனையோ வழிகள். வெங்காயத் தறையிலும் புகையிலைத் தோட்டத்திலும் குந்தியிருந்தே வாழ்நாளைக் கழித்த பெண்கள் இருக்கிறார்கள். நாளுக்கு எத்தனையோ பனை ஏறி இறங்கிய சீவல் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் காலில் காயப்பட்டு, சரியாகப் பொருந்தாத எலும்போடு இத்தனை வருடமும் நடந்தவர்களும் இருக்கிறார்கள். மூட்டு மாற்ற வேண்டும் என்று டொக்டர் சொல்லும் நேரத்துக்கு அவர்களுடைய உலகம் ஏற்கனவே சுருங்கிப்போயிருக்கும். நல்லூர்க் கோயில் வீதியில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடி அழித்தவர், தேர்த் திருவிழாவைத் தொலைக்காட்சியில் பார்ப்பார். நெடுந்தீவில் இருப்பவருக்குக் குறிகட்டுவானில் படகிலிருந்து இறங்குவதே பெரும் பாடு. இரவில் எழும்பி மலசலகூடத்துக்குப் போக ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்பதற்காகப் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும்.

மாரடைப்பு வந்தவருக்கோ விபத்தில் அடிபட்டவருக்கோ விலை கேட்க நேரமில்லை. மூட்டு மாற்றம் அப்படியல்ல. தீர்மானிப்பதற்கும் செய்வதற்கும் இடையில் வாரங்கள், மாதங்கள், அரச வைத்தியசாலை என்றால் அதற்கும் மேலே போகும். என்ன செய்யப் போகிறோம், எந்தச் செயற்கை மூட்டு உறுப்பைப் பொருத்தப் போகிறோம், எத்தனை நாள் விடுதியில் வைத்திருப்போம் என்பதெல்லாம் பெரும்பாலும் முன்பே தெரியும். ஒரு மதில் கட்ட மேசனைக் கூப்பிட்டாலும் கல், சீமெந்து, கூலி என்று எஸ்டிமேட் எழுதித் தருகிறார். பல இலட்சம் ரூபாய் வாங்கும் வைத்தியசாலையால் அதை ஏன் செய்ய முடியாது?

எங்கள் வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் அக்காவுக்கு ஒரு தனியார் வைத்தியசாலையில் வலது முழங்கால் மாற்றினோம். நிபுணரைச் சனல் பண்ணி, அதாவது முன்பதிவு செய்து, பார்த்தபோது வாய்வழியாக ஒரு தொகை சொன்னார்கள். வீட்டுக்குப் போகும் நாளில் தந்த பில் அதைவிடக் கால்பங்கு கூட இருந்தது. உறுப்பின் விலை ஒரே வரியில், பெயரும் இல்லாமல், ஆங்கிலத்தில் இருந்தது. உறுப்பை எலும்போடு ஒட்டும் எலும்பு சீமெந்து தனி. மயக்க மருந்து நிபுணரின் கட்டணம் தனி. “பாவனைப் பொருட்கள்” என்ற ஒரு வரியில் பெரிய தொகை. அதற்குள் என்ன என்று கேட்டால் கணக்காளரிடம் போகச் சொன்னார்கள், கணக்காளர் தாதியிடம் அனுப்பினார். அக்கா சக்கர நாற்காலியில் வாசலில் காத்திருக்க, மகன் நகையை அடகு வைக்க ஓடினான். சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. செய்த நிபுணருக்கு நாங்கள் என்றும் நன்றியோடு இருப்போம். ஆனால் அந்தப் பில் முன்பே கையில் இருந்திருந்தால் நாங்கள் இரண்டு மாதம் பொறுத்து, கடன்படாமல் செய்திருப்போம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே விலை சொல்லும் முன் ஒரு கேள்வி வருகிறது: “வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா?” கனடாவிலோ லண்டனிலோ ஒரு மகன் இருக்கிறான் என்றால் தொகை ஒன்று, இல்லையென்றால் வேறொன்று. எல்லா இடத்திலும் அப்படி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கேள்வியைச் சந்தித்த குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே பல உண்டு. அந்த மகன் இரட்டை வேலை பார்த்து அனுப்பும் காசு அது. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பார்த்து ஒரு முழங்காலின் விலை மாறக்கூடாது. விலையை எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்தால் இந்தக் கேள்வி தானாக நின்றுவிடும்.

செலவின் பெரும்பங்கு எங்கே போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். முழங்கால் மாற்றம் என்றால் மூட்டு முழுவதையும் வெட்டி எடுப்பதாக நம்மவர்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவி, தொடை எலும்பின் முனைக்குப் பெரும்பாலும் கோபால்ட் குரோமியக் கலப்புலோக மூடி ஒன்றையும், கீழ்க்கால் எலும்புக்கு ஓர் உலோகத் தட்டையும் பொருத்தி, இரண்டுக்கும் நடுவில் பொலிஎத்திலீன் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைக்கிறார்கள். இலங்கைக்கு இந்த உறுப்புகள் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாயைத் தொட்டபோது முழங்காலும் எட்டாத உயரத்துக்குப் போனது. அது யாருடைய கையிலும் இல்லை, சரி. ஆனால் இறக்குமதி செய்பவர், விநியோகிப்பவர், வைத்தியசாலை என்று கைமாறும்போது ஒவ்வொரு கையிலும் எவ்வளவு ஏறுகிறது என்பது அரசின் கையில் இருக்கிறது.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2017 ஓகஸ்டில் இந்தியாவின் மருந்து விலை நிர்ணய அதிகாரசபை முழங்கால் உறுப்புகளுக்கு உச்ச விலை விதித்தது. அதிகம் பாவிக்கப்படும் கோபால்ட் குரோமிய வகையின் சராசரி விலை அதுவரை ஒரு இலட்சத்து 58 ஆயிரம் இந்திய ரூபாய்க்கு மேல் இருந்தது. வரி சேர்க்காத உச்ச விலை 54,720 ரூபாய் என்று அறிவித்தார்கள். மூன்றில் ஒன்றாகிவிட்டது. அதே நாட்டில், அதே மூட்டுக்கு. இடையில் இருந்த அந்த ஒரு இலட்சம் எந்த எலும்பையும் உறுதியாக்கவில்லை.

எங்களுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான உங்கள் அதிகாரசபையின் பொறுப்பில் மருந்துகளோடு மருத்துவ உபகரணங்களும் அடங்குகின்றன. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலையை வர்த்தமானியில் அறிவித்தபோது, நீரிழிவுக் குளிசைக்கும் அழுத்தக் குளிசைக்கும் கட்டிய காசில் மிச்சம் பிடித்தவர்களை நான் அறிவேன். முழங்கால், இடுப்பு மூட்டு உறுப்புகளுக்கும் அதே அக்கறையைக் காட்டுங்கள்.

உறுப்பின் விலையை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது என்பதும் எனக்குத் தெரிகிறது. பில்லில் ஒரு வரியைக் குறைத்தால் சத்திரசிகிச்சைத் தியேட்டர் கட்டணத்தையோ அந்தப் “பாவனைப் பொருட்களையோ” கூட்டிவிடலாம். அதனால்தான் முழுத்தொகையும் முன்கூட்டியே என்று கேட்கிறேன். அமெரிக்காவில் முதியோருக்கான அரச காப்புறுதியான மெடிகெயார், 2016 ஏப்ரலில் 67 நகரப் பகுதிகளில் ஒரு முறையைக் கொண்டுவந்தது. இடுப்பு, முழங்கால் மாற்றத்துக்கு அனுமதிக்கப்படும் நாளிலிருந்து வீட்டுக்குப் போய் 90 நாள் வரையான செலவை ஒரே கணக்காக எடுத்து, அதற்கு வைத்தியசாலையைப் பொறுப்பாக்கினார்கள். அந்த 90 நாள் மிக முக்கியம். வெட்டித் தைப்பதோடு வேலை முடிவதில்லை. முழங்காலை 90 பாகைக்கு மடக்கப் பழக்குவதற்குள் நோயாளியும் வீட்டாரும் அழுதுவிடுவார்கள். வோக்கர், பிசியோதெரபி, காயத்தைக் கழுவிக் கட்ட ஆள், வடமராட்சியிலிருந்து கிளினிக்குக்குப் போய்வர வான். இவை எந்தப் பில்லிலும் வருவதில்லை. கிருமித்தொற்று ஏற்பட்டுத் திரும்ப அனுமதிக்க வேண்டி வந்தால் யார் செலவு என்பதை அப்போதுதான் பேசத் தொடங்குகிறார்கள்.

அப்புறம், பொருத்திய உறுப்பு எது என்று நோயாளிக்குத் தெரியவேண்டும். ஒவ்வொரு உறுப்பின் பெட்டியிலும் வகை, அளவு, தொகுதி இலக்கம் அச்சிட்ட ஒட்டுத்துண்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்றை நோயாளியின் கிளினிக் கொப்பியில் ஒட்டிக் கொடுக்க ஒரு சதமும் ஆகாது. சுவீடனில் முழங்கால் மாற்றங்களை 1975 முதலே பதிவேட்டில் எழுதி வருகிறார்கள். இங்கிலாந்தில் 2003இல் தொடங்கினார்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் ஒருவகை இடுப்பு மூட்டு 2010இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டதே, அதன் கோளாறைக் காட்டிக்கொடுத்தவை அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இருந்த இத்தகைய பதிவேடுகள்தான். பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, முழுமையாக மாற்றிய முழங்கால்களில் 100க்கு 82 அளவில் 25 வருடம் நிலைக்கும் என்றது. 60 வயதில் மாற்றுபவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல். அதேபோல ஐந்தில் ஒருவர் வரை மாற்றிய பின்னும் முழுத் திருப்தி அடைவதில்லை என்பதும் மருத்துவர்களுக்குத் தெரிந்த விடயம். காணியை விற்றுச் செலவழிக்கும் ஒருவருக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரச வைத்தியசாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் எங்கள் ஆதார வைத்தியசாலைகளிலும் எத்தனை நெருக்கடிக்குள் வேலை செய்கிறார்கள் என்பதை நாங்கள் கண்ணால் காண்கிறோம். இலவச மருத்துவம் இல்லாவிட்டால் என் தலைமுறையில் பாதிப்பேர் இன்று இல்லை. ஆனால் தட்டுப்பாடு வந்தால் முதலில் தள்ளிப்போவது திட்டமிட்ட சத்திரசிகிச்சைதான். 2022 மார்ச்சில் மருந்தில்லாமல் பேராதனை போதனா வைத்தியசாலையில் அவற்றை நிறுத்தி வைத்ததை நாடே பார்த்தது. இன்றும் சத்திரசிகிச்சை இலவசம் என்று நம்பிப் போய், உறுப்பை வெளியில் வாங்கிவரச் சொன்னார்கள் என்று சோர்ந்து திரும்புபவர்கள் எங்கள் சங்கத்துக்கு வருகிறார்கள். எந்தக் கடையில், எந்த விலைக்கு என்று அவர்களுக்கு வழிகாட்ட ஒருவரும் இல்லை. காத்திருப்புப் பட்டியலில் தாங்கள் எத்தனையாவது ஆள் என்பதும் தெரியாது. பெயரை மறைத்து இலக்கத்தை மட்டும் போட்டாவது அந்தப் பட்டியலை வெளியிடலாம் அல்லவா? தன் முறை அடுத்த வருடம் வரும் என்று தெரிந்தவர் காணியை விற்கமாட்டார்.

மருத்துவச் செலவுக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்கான விண்ணப்பத்தை 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்க முடிகிறது. கொழும்புக்கு அலைந்த எங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் எந்த நிதியுதவிக்குப் போனாலும் செலவு மதிப்பீட்டுத் தாள் எங்கே என்று கேட்கிறார்கள். வைத்தியசாலை எழுதித் தராவிட்டால் அந்தக் கதவும் பூட்டித்தான் கிடக்கும்.

ஆகவே, தனியார் வைத்தியசாலைகள் உறுப்பின் பெயர், விலை உட்பட ஒவ்வொரு செலவையும் பிரித்து எழுதிய மதிப்பீட்டைச் சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு, நோயாளி வாசிக்கும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். மருத்துவக் காரணம் எழுதப்படாமல் அந்தத் தொகை கூடக்கூடாது. மூட்டு உறுப்புகளுக்கு உச்ச விலை குறித்து வர்த்தமானியில் போடுங்கள். வடமாகாணத் திணைக்களத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: கொழும்பிலிருந்து விதி வரும்வரை காத்திராமல், உங்கள் ஆதார வைத்தியசாலைகளில் காத்திருப்புப் பட்டியலையும் ஒட்டுத்துண்டையும் இப்போதே தொடங்கிவிடலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

இதற்கு நீங்கள் தரும் பதிலைத் தமிழில், எழுத்தில் தாருங்கள். எங்கள் சங்கத்தின் அறிவித்தல் பலகையில் அதை ஒட்டி, வாசிக்க முடியாதவர்களுக்கு நானே வாசித்துக் காட்டுவேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.