பலகையில் 30 நாள்

மக்களே,

நீ என் போனை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், பேசு, நல்லதுதான். இருமல் விட்டதா? பெங்களூர்ப் பனியில் காதை மூடிக்கொண்டு போ.

அன்றைக்கு நீ சாப்பாட்டில் பாதியில் எழுந்து போனதைப் பற்றி எழுத உட்காரவில்லை. சொன்னதை எல்லாம் சரிபார்த்தேன், அவ்வளவுதான். 'மதச்சார்பற்ற' என்ற சொல் 1976-ல் 42-வது திருத்தத்தில்தான் அரசியலமைப்பின் முகவுரைக்குள் வந்தது என்று நான் சொன்னது சரி. மத சுதந்திரம் தரும் 25 முதல் 28 வரையுள்ள பிரிவுகள் தொடக்கத்திலேயே இருந்தன என்று நீ சொன்னதும் சரி. சித்தப்பா முன்னால் நம்பர் நம்பராக நீ அடுக்கியபோது கோபம்தான் வந்தது. ராத்திரி படுத்தபிறகு, நம்ம பிள்ளைதானே என்று சிரித்துக்கொண்டேன்.

ஆனால் 290ஏ பிரிவுக்கு நீ பதிலே சொல்லவில்லை. நம் குமரி மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கூடவே வந்த திருவிதாங்கூர்க் கோவில்களுக்கு, தமிழ்நாடு அரசு வருடாவருடம் 13.5 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. அரசு வேறு மதம் வேறு என்றால் இது என்ன கணக்கு? சமஸ்தானம் எடுத்துக்கொண்ட கோவில் நிலத்துக்கு ஈடு என்பாய். சரி, அதுவும் நியாயம்தான்.

அரசியலமைப்பை எழுதிய சபையின் 1949 அக்டோபர் 17 விவாதத்தையும் படித்தேன். முகவுரையை 'கடவுளின் பெயரால்' என்று தொடங்கச் சொன்னார் சபை உறுப்பினர் காமத். நம்பிக்கையைக் கட்டாயப்படுத்துவதாகிவிடும் என்று எதிர்த்தவர் நம் திருவிதாங்கூர்க்காரர் பட்டம் தாணுப்பிள்ளை. ஆதரவாக 41, எதிராக 68. கடவுளுக்கே ஓட்டெடுப்பு நடத்தியிருக்கிறார்கள். நானும் நீயும் பேசித் தீர்க்க முடியாதா?

எழுந்து போகும்போது ஒன்று கேட்டாயே: "மதம் பார்க்காமல் கட்டிக்கொள்ள 1954-லேயே சட்டம் போட்டுவிட்டு, 30 நாள் பலகையில் ஒட்டுவது எதற்கு அப்பா?" நீ பொதுவாகத்தான் கேட்டாய் என்கிறாள் அம்மா. பொதுவாகவே இருக்கட்டும். காதை மட்டும் மூடிக்கொள்.

மக்களே, பதிவு அலுவலகத்தில் அந்தப் பலகையில் கல்யாண நோட்டீஸ் ஒட்டியவன் நான். ஒருதடவை ஒட்டிவிட்டு, கையில் பசை காயும் முன்னே பஸ் ஏறினேன். பெண்ணின் அப்பாவை எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு தகப்பனுக்கு நன்மை செய்கிறேன் என்றே நினைத்தேன். அவர் வீட்டில் காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். எழுத்துமூலம் ஆட்சேபணை எதுவும் வரவில்லை. மதம் வேறு என்பது ஆட்சேபணையாக நிற்கவும் நிற்காது, அது எனக்கு நன்றாகத் தெரியும். 30 நாள் கழிந்து பையன் மட்டும் மூன்று சாட்சிகளோடு வந்தான். பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தான். நாலு மணிக்கு என்னிடம் வந்து, "சார், இந்தக் கடிகாரம் சரியா ஓடுதா?" என்று கேட்டான். ஓடுகிறது என்றேன்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று நான் விசாரிக்கவே இல்லை. உன் அம்மாவுக்கும் இது தெரியாது.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. ஞாயிறு காலை கூப்பிடுகிறேன், எடு. அப்புறம், பொதுவாகத்தான் சொல்கிறேன், சாட்சிக்கு மூன்று பேர் வேண்டும்.

அப்பா