பனிச்சரிவு எச்சரிக்கை: இரு பக்கக் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிச்சரிவு நெல்லைச் சீமைக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று தள்ளிவிட முடியாது. 2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்த 10 வீரர்களும் 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அதே வட்டாரத்தில், எல்லைக்கு அந்தப்பக்கம், 2012 ஏப்ரலில் பாகிஸ்தானின் கயாரி ராணுவ முகாம் மொத்தமாகப் புதைந்து 140 பேர் மாண்டார்கள். இத்தனைக்குப் பிறகும் முன்னறிவிப்பில் ஒவ்வொரு நாடும் தன் பக்கத்தை மட்டும் பார்ப்பது சரியல்ல.

டிசம்பர் முதல் மார்ச் வரை காஷ்மீர், லடாக் பக்கம் பனியைக் கொட்டும் காற்றுச் சுழற்சிகள் மேற்கிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகத்தான் வருகின்றன. பாகிஸ்தான் பக்கமுள்ள சித்ராலிலும் கில்கிட்டிலும் எவ்வளவு பனி விழுந்தது என்பது நமக்கு முன்கூட்டிய தகவல். காற்றும் அப்படித்தான். முகட்டின் ஒரு பக்கத்திலிருந்து பனியை வாரி, மறைவான மறுபக்கத்தில் பலகைபோல் இறுக்கிப் படியவைக்கும். 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் அந்தப் பலகை உடைந்தால் கீழே இருப்பவர் தப்புவது கடினம். முகடே எல்லைக்கோடாக இருக்கும் இடத்தில், காற்றை அளப்பது ஒரு நாடு, சரிவில் சிக்குவது மற்றொரு நாடு.

வெப்பநிலை, காற்று அளவுகள் உலக வானிலை அமைப்பு வழியாக ஏற்கெனவே நாடுகளுக்குள் பரிமாறப்படுகின்றன. ஆனால் பனிக்குள் எந்த அடுக்கு பலவீனம் என்பதைக் குழி வெட்டித்தான் பார்க்க வேண்டும். 30 செ.மீ. சதுரத் தூணாகப் பனியைச் செதுக்கி, மேலே மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று தட்டுவார்கள். எத்தனையாவது தட்டில், எந்த ஆழத்தில் தூண் உடைந்தது என்பதுதான் பதிவு. ஒருவர் இதை எழுத, மற்றவர் ‘பலவீனம்’ என்று மட்டும் குறித்தால் ஒப்பிடவே முடியாது. நேரக் குறிப்பிலும் சிக்கல் உண்டு: பாகிஸ்தான் நேரம் நமக்கு அரை மணி பின்னால், நேபாளம் கால் மணி முன்னால். எல்லாரும் உலகப் பொது நேரத்தில் எழுதாவிட்டால் பனி கொட்டிய மணிக்கணக்கு புரண்டுவிடும்.

ஆல்ப்ஸில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் டிரோல், இத்தாலியின் தெற்கு டிரோல், டிரென்டினோ ஆகிய மூன்று பகுதிகளும் 2018 டிசம்பர் முதல் ஒரே அறிக்கை வெளியிடுகின்றன. கணிப்பாளர்கள் கலந்து பேசி, மறுநாளுக்கான ஆபத்து நிலையை முந்தின மாலையே பல மொழிகளில் தருகிறார்கள். 1993 முதல் ஐரோப்பா முழுக்க ஒரே 5 படி ஆபத்து அளவுகோல் இருந்ததால் இந்த இணைப்பு எளிதாயிற்று.

பகை நாட்டுக்குத் தகவலா என்பார்கள். உவரி, இடிந்தகரைக் கடற்கரைக்காரர்களுக்கு 2004 சுனாமி மறக்காது. அதன்பின் ஹைதராபாத்தில் அமைந்த எச்சரிக்கை மையம் இன்று பாகிஸ்தான் உட்பட இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குச் செய்தி அனுப்புகிறது. கடலில் முடிந்தது மலையில் முடியாதா? முகாம் இருக்கும் இடத்தைச் சொல்லவே வேண்டாம். ‘வடகிழக்குச் சாய்வு, 4,500 மீட்டருக்கு மேல், 60 செ.மீ. ஆழத்தில் பலவீன அடுக்கு’ என்றால் கணிப்பாளருக்குப் போதும்.

காத்மாண்டுவில் உள்ள ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையத்தில் இந்தியா, பாகிஸ்தான், சீனா, நேபாளம் உட்பட 8 நாடுகள் உறுப்பினர்கள். சண்டிகரில் இயங்கும், பனிச்சரிவைக் கணிக்கும் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் பொதுப் பதிவுப் படிவம் ஒன்றை அங்கே முன்வைக்கட்டும். நேபாளம், பூடானோடு வரும் குளிர்காலத்திலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை