தில்லியில் ஆப்கன் முகாம் கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தில்லிக் கட்டுரையில், "முகாம்களில் தங்கி அரசு உதவித்தொகை பெறும் ஆப்கன் அகதிகள்" என்று ஒரு வரி. தில்லியின் போகல் பகுதியில் வாடகை ஒப்பந்தம் எழுதித் தருபவள் நான். அந்த வரியைத் தாண்டிப் படிக்க மனம் வரவில்லை.

முகாமும் மாதப் பணமும் தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர்களுக்கு அரசு செய்திருக்கும் ஏற்பாடு. ஆப்கன் மக்களைப் பதிவு செய்வது ஐ.நா. அகதிகள் ஆணையம். மிக நலிந்த சிலருக்கு அது கொடுக்கும் சிறு தொகை அரசுப் பணம் அல்ல. லஜ்பத் நகர், போகல், மாளவியா நகர் என எங்கும் இவர்கள் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள்.

ஆணையத்தில் முதலில் 'பரிசீலனையில் உள்ளவர்' என்ற சான்று தருவார்கள். பிறகு நேர்காணல், ஏற்றுக்கொண்டால் அகதி அட்டை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் அந்த அட்டையை வைத்து வேலைக்கு அனுமதி வாங்க முடியாது, ஆதாரும் எடுக்க முடியாது. ஆதார் இல்லாமல் சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் அலைய வேண்டும்.

வாடகையில் சிக்கல் இன்னும் பெரிது. வெளிநாட்டவரைக் குடிவைத்தால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விசா முடிந்த குடும்பம் என்றால் வீட்டுக்காரர் பயந்து ஒப்பந்தமே வேண்டாம் என்கிறார். ஒப்பந்தம் இல்லாவிட்டால் முகவரிச் சான்று இல்லை. அது இல்லாமல் விசா நீட்டிப்பு மனு நகராது. இந்த நிலையில் 'அரசுப் பணம் வருகிறது' என்று நீங்கள் அச்சிட்டால் வாடகைதான் ஏறும். தங்கள் இதழை வாங்கும் வீட்டுக்காரர்கள் இங்கே உண்டு.

முன்பும் இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. 'ஆப்கானி மொழி' என்று போட்டிருந்தீர்கள். ஆப்கானி அவர்கள் நாட்டுப் பணம். பேசுவது தரி, பஷ்தோ. அவர்களுடைய நீளமான நான் ரொட்டியின் படத்துக்குக் கீழே 'ருமாலி ரொட்டி' என்று இருந்தது. ருமாலி கவிழ்த்த சட்டியின் மேல் சுடுவது. இது விரலால் வரிவரியாக அழுத்தி, தந்தூர்ச் சுவரில் அறைந்து சுடுவது. தங்களுக்குத் தெரியாததல்ல.

திலக் நகரில் இருக்கும் ஆப்கன் சீக்கியர்களைப் பற்றி இதுவரை ஒரு வரி வந்ததில்லை. 1992-க்குப் பிறகு வந்தவர்கள் பலர். 2020 மார்ச்சில் காபூல் குருத்வாரா தாக்கப்பட்ட பின் வந்தவர்களும் உண்டு. குடியுரிமைத் திருத்தச் சட்டப்படி இந்தியாவுக்குள் வந்திருக்க வேண்டிய கடைசி நாள் 2014 டிசம்பர் 31. அதனால் பின்னால் வந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தால் பயனில்லை. அவர்களையும் சேர்த்துத்தான் முகாமில் உட்கார வைத்துவிட்டீர்கள்.

அடுத்த இதழில் 'முகாம்களில்' என்பதை 'வாடகை வீடுகளில்' என்று திருத்தி, உதவித்தொகை என்ற சொல்லை நீக்கி ஒரு வரி வெளியிடுங்கள். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில்.

தங்கள் நெடுநாள் வாசகி,
போகல், புது தில்லி